இளநிலை மாணவரின் ஆய்வு முன்மொழிவு: விளக்குக் கொடைக் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

இளநிலைப் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் எழுதப்படும் ஆய்வேடு, அதுவரை பிறர் கண்டறிந்தவற்றைக் கற்றுவந்த மாணவர் தாமே ஒன்றைக் கண்டறிய முற்படும் முதல் முயற்சியாகும். எதை ஆராயப் போகிறார், ஏன் ஆராய வேண்டும், எந்தச் சான்றுகளைக் கொண்டு எம்முறையில் ஆராய்வார், எவ்வளவு காலத்தில் முடிப்பார் என்பனவற்றை வரையறுத்து, அம்முயற்சியைத் தொடங்குவதற்கு முன்னர் அவர் துறையின் ஒப்புதலுக்கு அளிக்கும் எழுத்துவடிவத் திட்டமே ஆய்வு முன்மொழிவு எனப்படுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பயில்வோர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுவது நீண்டகால வழக்கமாகும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என வகுத்து, மொத்தமுள்ள 160 கிரெடிட்டுகளில் 12 கிரெடிட்டுகளை ஆய்வேட்டுக்கு ஒதுக்கியுள்ளது. தமிழ்நாட்டின் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகளிலும் பல துறைகளில் இறுதிப் பருவத்தில் திட்டக்கட்டுரை எழுதும் வழக்கம் உண்டு.

இவ்வாறு ஆய்வேடு எழுதுவோர் பெருகிவரும் காலத்தில், அதற்கு அடிப்படையான முன்மொழிவு பெரும்பாலும் தலைப்பைப் பதிவு செய்வதற்கான படிவமாகவே கருதப்படுவது கவலைக்குரியது. ஒரு வினாவைத் தெரிந்தெடுத்து, அதற்கு விடை காணும் வழியை வகுத்து, தாம் எதிர்பார்க்கும் விடை பிழையாகவும் இருக்கலாம் என்பதற்கு இடம் வைத்து எழுதப்படும் முன்மொழிவே ஆய்வேட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பதும், ஆய்வேட்டுக்கு அளிக்கப்படும் மதிப்பும் உழைப்பும் முன்மொழிவுக்கும் அளிக்கப்பட வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவின் மையக் கருத்தாகும். பொதுவிதிகளை மட்டும் அடுக்குவதால் பயன் சிறிது என்பதால், வரலாற்றுத் துறை இளநிலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளக்கூடிய ஓர் ஆய்வை, அதாவது சோழர் காலக் கோயில் விளக்குக் கொடைகளைப் பற்றிய ஆய்வை, எடுத்துக்காட்டாகக் கொண்டு முன்மொழிவின் ஒவ்வோர் உறுப்பும் இங்கு விளக்கப்படுகிறது.

தலைப்பிலிருந்து வினாவுக்கு

முன்மொழிவுகளில் மிகுதியாகக் காணப்படும் குறை, தலைப்பு இருக்க வினா இல்லாமையாகும். ‘சோழர் காலப் பொருளாதாரம்’ என்பது ஒரு தலைப்பு. அது பல அறிஞர்களின் வாழ்நாள் உழைப்பையும் விஞ்சி நிற்கும் பரப்பைக் குறிக்கிறதேயன்றி, எதையும் கேட்கவில்லை. ‘சோழர் காலக் கோயில் கொடைகள்’ எனச் சுருக்கினாலும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளும் அதனுள் அடங்கிவிடுகின்றன. ‘திருவையாற்றுக் கோயிலின் விளக்குக் கொடைக் கல்வெட்டுகள்’ என்று வரும்போது இடமும் பொருளும் வரையறை பெறுகின்றன. ‘திருவையாற்றுக் கோயிலில் 10-ஆம் நூற்றாண்டு முதல் 12-ஆம் நூற்றாண்டு முடிய, நந்தா விளக்கு எரிப்பதற்கு அளிக்கப்பட்ட கொடைகளில் ஆடு, நிலம், காசு ஆகிய மூன்றின் பங்கு எவ்வாறு மாறியது?’ என்று எழுதும்போதுதான் அது ஆய்வு வினா ஆகிறது. ஏனெனில், அதற்கு விடை காண எதைத் தேட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அவ்வினாவே சொல்லிவிடுகிறது.

நந்தா விளக்கு என்பது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. அதற்குரிய நெய்யை நாள்தோறும் வழங்குவதற்காகக் கொடையாளர் கோயிலுக்கு ஆடுகளை அளிப்பதும், மன்றாடி எனப்பட்ட இடையர் அவற்றை ஏற்று, விளக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்படுவதும் வழக்கமாக இருந்தன. அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. இறப்பனவற்றையும் முதுமையடைவனவற்றையும் ஈடுசெய்து, பெற்ற எண்ணிக்கையை இடையர் என்றும் குறையாமல் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதல் அழியாமல் அதன் வருவாயிலிருந்து மட்டும் அறம் நடைபெற வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, இன்றைய அறக்கட்டளைகளின் அடிப்படைக் கோட்பாட்டோடு ஒத்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

ஒரு கோயில், ஒரு வகைக் கொடை, மூன்று நூற்றாண்டு என்ற எல்லை மாணவருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், சிறிய எல்லைக்குள் கேட்கப்பட்ட வினா பெரிய விடையைத் தரும் என்பதற்கு ஆய்வுலகில் சான்று உண்டு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966-இல் வெளியிட்ட கட்டுரையில், பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாரின் உடைமையாக இருந்ததையும், அல்லூரில் ஊரார் கூட்டாக நிலத்தை உடைமையாகக் கொண்டிருந்ததையும் எடுத்துக்காட்டினார். பிரமதேயம் என்பது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். சோழர் கால நிலவுடைமை பற்றிய பிற்கால விவாதங்கள் பலவற்றிலும் அக்கட்டுரை இடம்பெற்றதற்குக் காரணம், எடுத்துக்கொண்ட ஊர்கள் இரண்டேயாயினும் கேட்ட வினா தெளிவாக இருந்தமையேயாகும்.

முன்னாய்வுகளை வகைப்படுத்தல்

முன்மொழிவின் அடுத்த உறுப்பு முன்னாய்வு மதிப்பீடு. எடுத்துக்கொண்ட வினாவைப் பற்றி முன்னரே எழுதியவர்கள் என்ன கூறினர், அவர்கள் எங்கே உடன்பட்டு எங்கே மாறுபடுகின்றனர், அவர்கள் தொடாமல் விட்டது எது என்று காட்டும் பகுதி இது. நூல்களையும் ஆசிரியர்களையும் ஆண்டு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சுருக்கம் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் மாணவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அது நூற்பட்டியலாகுமேயன்றி மதிப்பீடு ஆகாது. கருத்துகளைக் கட்சிகளாகப் பிரித்து நிறுத்தி, தம் வினா எந்த இடத்தில் நுழைகிறது என்று காட்டுவதே மதிப்பீடு.

எடுத்துக்காட்டாகக் கொண்ட ஆய்வில் அப்பிரிப்பு தெளிவாகவே அமைகிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1935-லும் 1937-லும் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில், வலிமையான மைய ஆட்சியும் அதனோடு இயைந்த ஊராட்சி அமைப்புகளும் கொண்ட அரசாகச் சோழ அரசைக் காண்கிறார். பர்ட்டன் ஸ்டெயின் 1980-இல் வெளியிட்ட நூலில், அவ்வரசின் நேரடி அதிகாரம் மையப்பகுதியைக் கடந்து பெரிதும் செல்லவில்லை என்றும், நாடு என்ற உள்ளூர் அலகுகளே உண்மையான அடித்தளம் என்றும் வாதிடுகிறார். கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் வரிப்பெயர்களையும் எண்ணி அட்டவணைப்படுத்தி, காலந்தோறும் ஏற்பட்ட மாற்றங்களை அளவையால் நிறுவும் மூன்றாம் வழியைத் திறந்தனர். இவர்களுக்கிடையே, ஜார்ஜ் ஸ்பென்சர் 1968-இல் எழுதிய கட்டுரை, தஞ்சைப் பெரிய கோயில் காசையும் கால்நடைகளையும் ஊர்களிடமும் இடையரிடமும் ஒப்படைத்த முறையை ஆராய்ந்து, கோயில் செல்வத்தைப் பெற்றுத் தேக்கி வைக்காமல் மறுபங்கீடு செய்தது என்று விளக்குகிறது.

இவ்வாறு வகைப்படுத்திய பின்னர், மாணவர் தம் இடத்தை அடக்கமாகவும் திட்டவட்டமாகவும் குறிப்பிடலாம்: தஞ்சைப் பெரிய கோயில் அரசனே எடுப்பித்த கோயில், அங்கு நிகழ்ந்த ஏற்பாடு, அதற்கு முன்பே இருந்துவந்ததும் பலவகைக் கொடையாளர்கள் தொடர்ந்து கொடுத்துவந்ததுமான திருவையாறு போன்ற கோயிலுக்கும் பொருந்துமா என்று சோதிப்பது பயனுள்ளது. ‘இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்ற வாக்கியத்தை எழுதுவதைவிட இவ்வாறு எழுதுவது சிறந்தது. முன்னதை மெய்ப்பிக்க எவராலும் இயலாது, பின்னதைப் படிப்பவர் எவரும் சரிபார்க்க இயலும்.

சான்றுகளும் அவற்றின் எல்லையும்

ஆய்வுக்குரிய காலத்திலேயே தோன்றிய சான்று முதன்மைச் சான்று. அதை ஆராய்ந்து பிற்காலத்தார் எழுதியது துணைமைச் சான்று. முன்மொழிவில் முதன்மைச் சான்று எங்கே உள்ளது, எந்த வடிவில் உள்ளது, மாணவரால் அதைப் பார்க்கவும் படிக்கவும் இயலுமா என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும். திருவையாற்றுக் கல்வெட்டுகள் பல, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 5-ஆம் தொகுதியில் மூலபாடத்துடன் அச்சாகியுள்ளன. அவ்வரிசையின் முதல் தொகுதி கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸின் பதிப்பில் 1890-இல் வெளிவந்தது. அச்சில் முழுப் பாடம் வராத கல்வெட்டுகளின் சுருக்கங்கள் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் கிடைக்கின்றன. சுருக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ‘விளக்குக்கு ஆடு கொடை’ என்பது தெரியுமேயன்றி, ஆடு எத்தனை, அதை ஏற்றவர் யார் என்பவை தெரியாமல் போகலாம். ஆகவே, முழுப் பாடத்தையும் சுருக்கத்தையும் ஒரே தன்மையுடையனவாகக் கொள்ளலாகாது என்பதை முன்மொழிவிலேயே குறிப்பிட வேண்டும்.

சான்றின் உள்ளே நுழைந்து பார்க்கும்போதுதான் சிக்கல்கள் புலப்படுகின்றன. விளக்குக் கொடைக் கல்வெட்டொன்று பொதுவாக அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடும் ஊரும், இறைவன் பெயர், கொடையாளர், கொடைப்பொருள், அதை ஏற்றவர், அறத்தைக் காக்கும் பொறுப்பைச் சிவனடியார் குழுவினரான பன்மாகேசுவரரிடம் ஒப்படைக்கும் இறுதித் தொடர் என்ற ஒழுங்கில் அமைகிறது. இவற்றுள் காலத்தை உறுதி செய்வது எளிதன்று. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியமையால், ‘கோப்பரகேசரி’ என்ற பட்டத்தையும் ஆட்சியாண்டையும் மட்டும் தரும் கல்வெட்டு எந்த மன்னனுடையது என்பதை எழுத்தமைதியையும் பிற குறிப்புகளையும் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ‘மதுரை கொண்ட’ என்ற அடையிருந்தால் முதலாம் பராந்தகனைக் கருதலாம். அடையில்லாதபோது, ஊகத்தை உறுதியாகக் காட்டாமல், ‘மன்னன் யார் என்பது ஐயத்திற்குரியது’ என்று தனியே வகைப்படுத்துவதே நேர்மை. கல் சிதைந்து ஆட்டின் எண்ணிக்கை மறைந்துள்ள இடத்தில் வழக்கமான எண்ணை இட்டு நிரப்புவதும் அவ்வாறே தவிர்க்கப்பட வேண்டும். வழக்கம் எது என்பதைக் கண்டறியவே ஆய்வு நிகழ்கிறது.

சான்றுகள் எஞ்சிய முறையும் ஆராய்ச்சிக்குரியதே. செங்கற்றளிகள் எனப்பட்ட செங்கல் கோயில்கள் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றப்பட்டபோது பழைய கல்வெட்டுகள் பல அழிந்தன. சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிகாவல் போன்ற சில இடங்களில் பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆகவே, ஒரு நூற்றாண்டில் ஆட்டுக்கொடைகள் குறைவாகக் காணப்பட்டால், அக்காலத்தில் அவை குறைந்தன என்றோ, அக்காலச் சுவர்கள் எஞ்சவில்லை என்றோ இருவகையாகவும் பொருள் கொள்ளலாம். இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறியப் போகிறார் என்பதை, அதாவது எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் அந்தந்தக் காலத்து மொத்தக் கொடைகளில் ஆட்டுக்கொடையின் விழுக்காட்டைக் கணக்கிடப் போகிறார் என்பதை, மாணவர் முன்மொழிவில் எழுதினால் அவருடைய ஆய்வு பாதி வெற்றி பெற்றதாகும்.

கருதுகோளும் ஆய்வு முறையும்

கருதுகோள் என்பது ஆய்வு வினாவுக்கு மாணவர் முன்கூட்டியே எதிர்பார்க்கும் விடை. சான்றுகளால் உறுதிப்படவோ மறுக்கப்படவோ கூடியதாக அது அமைய வேண்டும். ‘சோழர் காலத்தில் கோயில்கள் சிறப்புற்று விளங்கின’ என்பது எந்தச் சான்றாலும் மறுக்க இயலாத கூற்று. எனவே, அது கருதுகோள் ஆகாது. ‘11-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் விளக்குக் கொடைகளில் ஆடுகளின் பங்கு குறைந்து, நிலம், காசு ஆகியவற்றின் பங்கு உயர்ந்தது’ என்பது மறுக்கக்கூடிய கூற்று. ஆகவே, அது கருதுகோள். ஆட்டுக்கொடை இறுதிவரை குறையவில்லை என்று தெரியவந்தால் கருதுகோள் வீழும், ஆய்வேடு வீழாது. மறுக்கப்பட்ட கருதுகோளை நேர்மையாக வெளியிட்ட ஆய்வேடு, உறுதிப்படுத்தப்பட்டதாகப் பாசாங்கு செய்யும் ஆய்வேட்டைவிட உயர்ந்தது என்பதை மதிப்பீடு செய்வோரும் ஏற்க வேண்டும்.

ஆய்வு முறை என்ற பகுதியில், ‘விளக்கமுறையும் ஒப்பீட்டு முறையும் பின்பற்றப்படும்’ என்ற வாய்பாடு துறைதோறும் எழுதப்படுகிறது. அதிலிருந்து மாணவர் காலையில் அமர்ந்து என்ன செய்வார் என்பது எவருக்கும் விளங்காது. கல்வெட்டு எண், மன்னன், ஆட்சியாண்டு, கொடையாளர், அவரது ஊர், கொடைப்பொருள், அதன் அளவு, ஏற்றவர், பாடத்தின் நிலை என ஒன்பது பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று தயாரிக்கப்படும் என்றும், வேறுபட்ட கொடைப்பொருள்கள் கல்வெட்டுகளே தரும் ஈட்டின்படி ஒப்பிடப்படும் என்றும் எழுதுவதே முறையாகும். அந்த ஈட்டு அளவு கற்பனையன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் வகுக்கப்பட்டுள்ளமையால், ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கும், ஓர் எருமை மூன்று பசுக்களுக்கும் ஈடாகக் கொள்ளப்பட்டன என்பது விளங்குகிறது. அதே கோயிலில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை எனப்பட்ட வட்டி பெறப்பட்டது. வேறு பல ஊர்க் கல்வெட்டுகள் விளக்கு ஒன்றுக்கு 90 ஆடுகளைக் குறிப்பதால், ஓரிடத்து ஈட்டை மற்றோரிடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தலாகாது என்ற எச்சரிக்கையும் முறையின் ஒரு பகுதியே.

மனிதரிடம் செய்தி திரட்டும் சமூகவியல், கல்வியியல், பொதுநலம் போன்ற துறைகளில் இப்பகுதிக்கு மேலும் ஒரு கடமை உண்டு. தகவல் தருவோருக்கு ஆய்வின் நோக்கத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியில் கூறி இசைவு பெறுவதும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையை உறுதி செய்வதும், பெயரை மறைத்துக் காப்பதும் முன்மொழிவிலேயே எழுதப்பட வேண்டும். உடல்நலம் சார்ந்த ஆய்வாயின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களின்படி அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே தகவல் திரட்டத் தொடங்க வேண்டும்.

காலமும் இயல் பகுப்பும்

இளநிலை மாணவருக்கு ஆய்வேட்டின்பொருட்டுக் கிடைப்பது ஒரு பருவமோ இரு பருவங்களோ மட்டுமே. அக்காலத்திலும் பிற பாடங்களும் தேர்வுகளும் உண்டு. ஆகவே, ‘முதல் இரண்டு மாதம் தரவு திரட்டல்’ என்று மனம்போனபடி எழுதாமல், முன்னோட்ட ஆய்வு ஒன்றைச் செய்து பார்த்த பின் கால அட்டவணை வகுப்பது நன்று. முன்னோட்ட ஆய்வு என்பது முழு ஆய்வின் முறையைச் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பதாகும். பத்துக் கல்வெட்டுகளைப் படித்து அட்டவணையில் இட்டுப் பார்த்தால், ஒன்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்தப் பத்தி பெரும்பாலும் காலியாக நிற்கிறது, கிரந்த எழுத்திலும் பழந்தமிழ் எண்களிலும் பயிற்சி போதுமா என்பவை தெரிந்துவிடும். எடுத்துக்கொண்ட எல்லை காலத்துக்குள் அடங்காது எனக் கண்டால், மூன்று நூற்றாண்டை இரண்டாகக் குறைப்பது முன்மொழிவு நிலையில் அறிவுடைமை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாதத்தில் அதே குறைப்பு அவசரத்தின் விளைவாகிவிடும்.

இயல் பகுப்பும் வினாவைப் பின்பற்றியே அமைய வேண்டும். ‘சோழர் வரலாறு: ஓர் அறிமுகம்’, ‘திருவையாற்றின் தல வரலாறு’ என்ற இரண்டு பொது இயல்களால் பாதிப் பக்கங்களை நிரப்பும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். சான்றுகளும் அவற்றின் நிலையும், கொடைப்பொருள்களின் மாற்றம், கொடையாளரும் ஏற்றவரும், மாற்றத்துக்கான விளக்கங்கள் என நான்கு இயல்கள் இவ்வினாவுக்குப் போதுமானவை.

நெறியாளரின் கடமை

முன்மொழிவின் குறைகளுக்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்குவது நீதியன்று. நெறியாளர் தலைப்பைத் தாமே கொடுத்து, மாணவர் கொண்டுவரும் தாளில் கையொப்பமிடும் வழக்கம் உள்ளவரை முன்மொழிவு படிவமாகவே நீடிக்கும். வினாவை மாணவரே உருவாக்க இடம் தருவதும், முதல் வரைவைப் படித்து ‘இதற்கு எந்தச் சான்று உண்டு?’, ‘விடை வேறாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்பதும், குறைந்தது இருமுறையேனும் திருத்தி எழுதச் செய்வதும் நெறியாளரின் கடமைகளாகும். பல மாணவரை ஒருவரே நெறிப்படுத்தும் சூழலில் இது கடினம் என்பது உண்மை. எனினும், துறை மாணவர் அனைவரும் கூடியிருக்க ஒவ்வொருவரும் தம் முன்மொழிவை எடுத்துரைத்து வினாக்களுக்கு விடையளிக்கும் ஓர் அரங்கை நடத்தினால், ஆசிரியரின் சுமை குறைவதோடு, ஒருவருக்குக் கூறும் திருத்தம் அனைவருக்கும் பாடமாகும். கல்வெட்டுத் தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் நூலகப் பூட்டுக்குள் இல்லாமல் இளநிலை மாணவர் கைக்கு எட்டும்படி செய்வதும் கல்லூரியின் பொறுப்பேயாகும்.

முடிவுரை

இளநிலை ஆய்வேடு ஒன்று துறையின் அறிவை மாற்றியமைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு வினாவைத் தாமே கேட்டு, சான்றைத் தாமே படித்து, முடிவைத் தாமே பொறுப்பேற்கும் மனிதரை அது உருவாக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அவ்வுருவாக்கம் தொடங்கும் இடம் முன்மொழிவு. ஆகவே, கல்லூரித் துறைகள் முன்மொழிவுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஆய்வு தொடங்குவதற்கு முன் அதை எழுதித் திருத்தப் போதிய வாரங்களை அளிக்க வேண்டும். கருதுகோள் மறுக்கப்பட்டது என்ற காரணத்துக்காக எந்த மாணவரின் மதிப்பெண்ணும் குறைக்கப்படாது என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாணவர்களும் பெரிய தலைப்பின் கவர்ச்சியை விடுத்து, தம்மால் இறுதிவரை படித்து முடிக்கக்கூடிய சான்றுகளைக் கொண்ட ஒரு சிறிய வினாவோடு நெறியாளரின் முன் சென்று நிற்க வேண்டும்.